டீம் போடுவது வித்தை… காசு போடுவது?

மார்டள்ளியிலிருந்து மைசூரு நூறு கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டு எல்லை அதைவிட எவ்வளவோ பக்கம். கர்கேகண்டி சாவடியைத் தாண்டினால் பர்கூர் மலை, இறங்கினால் அந்தியூர். ஹனூர் தாலுகாவில் இருக்கும் இந்தத் தமிழ் ஊர் முன்பு மைசூரு மாவட்டத்தில் இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போனது. அரசாங்கக் காகிதத்தில் எல்லைகள் இடம் மாறுவது இந்த ஊருக்குப் பழகிப்போன விஷயம்.

2021 அக்டோபரில் இன்னொரு எல்லை வந்தது. கண்ணுக்குத் தெரியாத எல்லை. கர்நாடக அரசு தன் போலீஸ் சட்டத்தைத் திருத்தி, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. அக்டோபர் 5-ல் சட்டம் அமலானது. 10-ம் தேதி, ரசிகர்கள் பணம் கட்டி டீம் போடும் ஃபேன்டஸி செயலியை நடத்திவந்த ட்ரீம் லெவன் நிறுவனம் கர்நாடகத்தில் கடையை மூடியது. அன்றைக்குத்தான் துபாயில் சென்னைக்கும் டெல்லிக்கும் ஐ.பி.எல். முதல் குவாலிஃபயர், கடைசி ஓவரில் தோனி முடித்துக்கொடுத்த ஆட்டம். தமிழ்நாட்டிலோ, அதே மாதிரியான தடைச் சட்டத்தை இரண்டு மாதம் முன்னால், ஆகஸ்ட் 3-ல், சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. ஆக, அன்று மாலை சாவடிக்கு இந்தப் பக்கம் நின்றால் கைப்பேசியில் டீம் போட முடியாது. அந்தப் பக்கம் போனால் முடியும். ஆடுபவர் எங்கே நிற்கிறார் என்பதைச் செயலி ஜி.பி.எஸ்.ஸில் பார்த்துக்கொள்ளும். ஒரே ஆள், ஒரே டீம், ஒரே 49 ரூபாய் கட்டணம். ஒரு மலைப்பாதையின் இந்த முனையில் அது குற்றம், அந்த முனையில் பொழுதுபோக்கு.

நான்கு மாதம்தான் இந்தக் கூத்து. 2022 பிப்ரவரி 14-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் தடையை அடித்துப்போட்டது. இரண்டு நீதிமன்றங்களும் பிடித்துக்கொண்ட கயிறு ஒன்றே. இது திறமை ஆட்டம், சூதாட்டம் அல்ல.

டீம் போடுவதில் திறமை இருக்கிறதா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் அதைக் கிரிக்கெட்டை வைத்துப் பேசினால் சண்டையில்தான் முடியும். தோனி ரசிகரிடம் போய் தோனியை எடுக்காதே என்று சொல்லிப் பாருங்கள். ரசிக பாசம் குறுக்கே வராத ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். கோல்ஃப். அதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஃபேன்டஸி விளையாட்டு பிறந்ததே அங்கேதான்.

ஓக்லாந்தில் தொடங்கியது

1950-களின் இறுதி. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரத்தில் பில் விங்கன்பாக் என்றொரு வியாபாரி. கோல்ஃப் பைத்தியம். நண்பர்கள் ஆளுக்குச் சில தொழில்முறை வீரர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். போட்டி முடிந்ததும் அந்த வீரர்கள் அடித்த அடிகளைக் கூட்டுவார்கள். யாருடைய கூட்டுத்தொகை குறைவோ அவருக்கு வெற்றி. கோல்ஃபில் குறைவாக அடிப்பவர்தானே கெட்டிக்காரர். இதே விங்கன்பாக் 1962-ல் நண்பர்களோடு உட்கார்ந்து அமெரிக்கக் கால்பந்துக்கும் இப்படியொரு விதிமுறையை எழுதினார். 1980-ல் டேனியல் ஓக்ரென்ட் பேஸ்பாலுக்கு ஒரு வடிவம் கொடுத்தார். அந்த வரிசையில் 2008-ல் மும்பையில் ஹர்ஷ் ஜெயினும் பவித் சேத்தும் தொடங்கியது ட்ரீம் லெவன். எல்லாவற்றுக்கும் மூத்தது, நண்பர்கள் காகிதத்தில் எழுதி ஆடிய அந்த கோல்ஃப் கணக்கு.

கோல்ஃபா, அது பணக்காரன் ஆட்டமாச்சே என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டம் யாருடையது என்பது ஒரு கேள்வி, ஆட்டத்தை அறிந்தவர் யார் என்பது வேறு கேள்வி. 2009-ல் இந்தியன் ஓப்பனை வென்ற சின்னசாமி முனியப்பா, பெங்களூரில் கேடியாக மட்டைப் பை தூக்கியவர். 1991-ல் அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அலி ஷேரும் கேடிதான். இரண்டு முறை வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் அப்பா, கொல்கத்தா கிளப்பில் புல்தரை பராமரித்தவர். சிக்கரங்கப்பா, பிடதியை ஒட்டிய ஈகிள்டன் மைதானத்துப் பக்கத்து கிராமத்துப் பையன். இந்தியத் தொழில்முறைத் தொடரில் பல வருடமாக ஆடிவரும் என். தங்கராஜாவும் கே. பிரபாகரனும் இலங்கைக்காரர்கள். 2021 ஆகஸ்ட் 7-ம் தேதி சனிக்கிழமை விடியற்காலையில் எழுந்து டி.வி. போட்டவர்களுக்கு இன்னொரு பெயரும் நினைவிருக்கும்: பெங்களூரின் அதிதி அசோக். உலகத் தரவரிசையில் 200-வது இடம். மட்டைப் பையைத் தூக்கி வந்தது அம்மா. ஒரே ஓர் அடியில் ஒலிம்பிக் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். பர்டி என்றால் என்ன, போகி என்றால் என்ன என்று அன்றைக்கு ஒரு தேசமே கற்றுக்கொண்டது.

மறந்திருந்தால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று ஒரு கணக்கு; அது பார். ஒன்று குறைத்தால் பர்டி, இரண்டு குறைத்தால் ஈகிள், ஒன்று கூடினால் போகி. நாளைக்கு 18 குழி, வழக்கமாக வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள். வெள்ளிக்கிழமை முடிவில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பெயர் கட்.

ஆறு பேரைப் பிடிப்பது எப்படி?

இன்றைக்குப் பரவலாக இருக்கும் அமெரிக்க வடிவத்தில், உங்கள் கையில் 50,000 டாலர் கற்பனைப் பணம். ஆறு வீரர்களை வாங்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு விலை போட்டிருப்பார்கள். சராசரியாக ஆளுக்கு 8,300 சொச்சம். ஸ்காட்டி ஷெஃப்லர் மாதிரி ஒருவரை 12,000 கொடுத்து எடுத்தால், மிச்சம் 38,000, ஐந்து பேர், ஆளுக்கு 7,600. அந்த விலைக்குக் கிடைப்பவர்கள் வெள்ளிக்கிழமை கட்டைத் தாண்டுவார்களா என்பது நிச்சயமில்லை.

கட்டில்தான் பிழைப்பே இருக்கிறது. வெள்ளியோடு வெளியேறிய வீரருக்கு சனி, ஞாயிறு புள்ளி கிடையாது. பெரும்பாலும் ஆறு பேருமே தாண்டினால்தான் மேலே வர முடியும். ஒவ்வொருவரும் தாண்ட 70 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், மோசமில்லாத வாய்ப்புதான். ஆறு பேரும் சேர்ந்து தாண்ட வாய்ப்பு 12 சதவீதம்கூட இல்லை. ஒருவருக்கு 60 என்றால் மொத்தம் 5-க்கும் கீழே போய்விடும். 1998-லிருந்து 2003 வரை டைகர் வுட்ஸ் தொடர்ச்சியாக 142 போட்டிகளில் கட்டைத் தாண்டினார் என்பதை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால்தான் அவர் யார் என்பது புரியும்.

அடுத்தது புள்ளிக் கணக்கு. புதிதாக வருபவர்கள் ஏமாறும் இடம் இது. பர்டிக்கு 3 புள்ளி, ஈகிளுக்கு 8, பாருக்கு அரை, போகிக்குக் கழிவு அரையே அரை. ஒருவர் 18 குழியையும் பாரில் முடிக்கிறார்: 9 புள்ளி. போகியே இல்லாத சுற்று என்பதால் தனியாக 3, மொத்தம் 12. இன்னொருவர் நாலு பர்டி, நாலு போகி, பத்து பார்: பன்னிரண்டில் இரண்டைக் கழித்து ஐந்தைக் கூட்டினால் 15. மைதானத்தில் இருவரும் சமம். பார் 72 என்றால், இரண்டு பேருமே 72 அடி. உங்கள் டீமில் மட்டும் சமமில்லை. தப்பும் செய்து வேகமும் காட்டுகிற ஆளுக்கு இந்த ஆட்டத்தில் மவுசு அதிகம். நிதானஸ்தன் எடுபட மாட்டான். விங்கன்பாக்கின் பழைய கணக்கு இப்படி இல்லை. அங்கே அடிக்கு அடி. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது.

யாரை நம்புவது? போன வாரம் ஜெயித்தவரையா? பெரும்பாலானவர்கள் அப்படித்தான் எடுப்பார்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி இதை வேறு விதமாகப் பார்த்தார். லட்சக்கணக்கான அடிகளைக் கணக்கெடுத்து, இவ்வளவு தூரத்திலிருந்து குழியை முடிக்க ஒரு சராசரி தொழில்முறை வீரருக்கு எத்தனை அடி தேவை என்று வகுத்தார். அதைவிட ஒருவர் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறார் என்பதே அவருடைய பலம். அமெரிக்க பி.ஜி.ஏ. டூர் இந்த முறையில் பட்டிங் (குழியை நோக்கிப் பந்தை உருட்டுவது) கணக்கை 2011-லிருந்து வெளியிடுகிறது. பிராடி கண்டுபிடித்தது பலருக்கு அதிர்ச்சி. நல்ல ஆட்டக்காரருக்கும் சராசரிக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு, தூரத்திலிருந்து அடிக்கும் அடிகளிலிருந்து வருகிறது. கிரீனில் பந்தை உருட்டுவதிலிருந்து அல்ல. எட்டு அடி தூரத்துப் பட், உலகத்தின் சிறந்த வீரர்களுக்கே பாதிக்குப் பாதிதான். ஒரு வாரம் எல்லாம் விழும், அடுத்த வாரம் எல்லாம் விளிம்பைத் தொட்டுவிட்டு வெளியே வரும். ஆகவே, போன வாரம் பட்டிங்கில் கலக்கி ஜெயித்தவரை விடுங்கள். நன்றாக அடித்தும் பட்டிங் கைகொடுக்காமல் இருபதாவதாக வந்தவரைப் பிடியுங்கள். விலையும் குறைவு.

இனி மைதானம். 2025 அக்டோபரில் டெல்லி கோல்ஃப் கிளப்பில் நடந்த டி.பி. வேர்ல்டு இந்தியா சாம்பியன்ஷிப்பை எடுத்துக்கொள்வோம். ரோரி மெக்கில்ராய் முதல்முறையாக இந்தியாவில் தொழில்முறைப் போட்டி ஆட வருகிறார். ஏப்ரலில் மாஸ்டர்ஸை வென்று நான்கு பெரும் பட்டங்களையும் முடித்த கையோடு வருகிறார். கண்ணை மூடிக்கொண்டு அவரை எடுக்கத் தோன்றும். ஆனால் அந்த லோதி மைதானம் குறுகல். இரண்டு பக்கமும் அடர்ந்த புதர். பந்து உள்ளே போனால் தேடிப் பயனில்லை. மெக்கில்ராயின் பெரிய ஆயுதம், டிரைவர் என்ற நீள மட்டையால் அடிக்கும் அடி. இங்கே டிரைவரையே எடுக்கப்போவதில்லை என்று போட்டிக்கு முன்னால் அவரே சொல்லிவிட்டார். இதைப் படித்த பிறகும் அவரை அதிக விலைக்கு வாங்கினால் தப்பு வாங்கியவர் மேல். அவர் முதல் இருபதுக்குள் வரவில்லை. வென்றவர் நேராக அடிப்பதற்குப் பெயர்போன டாமி ஃபிளீட்வுட், பாரைவிட 22 அடி குறைவு. இரண்டாவது கெய்ட்டா நாகஜிமா. 2024-ல் குருகிராமில் இந்தியன் ஓப்பனை வென்றவர், 2025 மார்ச்சில் அதே போட்டியில் இரண்டாவதாக வந்தவர். இந்தியாவுக்கு வந்தாலே இவர் நன்றாக ஆடுகிறார் என்று குறித்து வைத்திருந்தவருக்கு அந்த வாரம் நல்ல வாரம்.

குறித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேடிகள். எந்தக் கிரீன் மாலையில் எந்தப் பக்கம் சரியும், எந்த வீரருக்கு முதுகு வலிக்கிறது, யாருக்கு யாரோடு ஆடினால் கை நடுங்கும் என்பது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. ஃபேன்டஸி கோல்ஃபில் உண்மையான நிபுணரைத் தேடினால், கிளப் வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கும் கேடியிடம் போங்கள்.

இவ்வளவு பார்த்தும் காற்று உங்களைக் கவிழ்க்கலாம். 2010-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன். முதல் நாள் மெக்கில்ராய் 63 அடித்தார். மறுநாள் பகலில் காற்று பேயாக வீசியது, ஆட்டத்தையே நிறுத்தி வைத்தார்கள். அதே மெக்கில்ராய் 80. அன்று அதிகாலையிலேயே ஆடி முடித்துவிட்டிருந்த லூயி ஊஸ்ட்ஹைசன் கடைசியில் ஏழு அடி வித்தியாசத்தில் கோப்பையைத் தூக்கினார். காலையில் யார், மதியம் யார் என்ற நேரப் பட்டியலையும் வானிலை அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு டீம் போடுபவர்கள் உண்டு. அது திறமை. ஆனால் 2024 மே 17 காலை, பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்புக்குப் போகும் வழியில் லூயிவில் போலீஸ் ஷெஃப்லரைக் கைது செய்யும் என்று எந்த அறிக்கையைப் பார்த்துச் சொல்வது? அவரை டீமில் வைத்திருந்தவர்கள் தலையில் கைவைத்தார்கள். காவலிலிருந்து வெளியே வந்து 66 அடித்தார் மனிதர். அந்த வருடம் ஏழு பி.ஜி.ஏ. டூர் போட்டிகளையும் ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றவர் அவர். அபூர்வமான அப்படியொரு வருடத்திலும் அவர் தோற்ற போட்டிகளே அதிகம்.

திறமை யாருக்குக் காப்பு?

நீதிமன்றங்கள் பிடித்த கயிற்றுக்கு மறுமுனை சென்னையில் இருக்கிறது. 1974-ல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு இழுத்து இழுத்து 1996-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது, கே.ஆர். லட்சுமணன் வழக்கு. குதிரையின் வம்சம், ஜாக்கியின் கைத்திறன், ஓடுதளம் எல்லாம் அறிந்து பணம் கட்டுவது திறமைதான், சூதல்ல என்றது தீர்ப்பு. திறமை மிகுந்த ஆட்டங்களுக்கு உதாரணமாக அந்தத் தீர்ப்பு கோல்ஃபையும் சதுரங்கத்தையும் ரம்மியையும் சொல்கிறது. 2017-ல் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் ட்ரீம் லெவனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோது நின்றது இந்தக் கிண்டி குதிரையின் முதுகில்தான்.

தீர்ப்புகள் சொன்னது சரி. டீம் போடுவதில் திறமை இருக்கிறது என்பதற்கு மேலே நாலைந்து பத்தி சாட்சி. என் சண்டை அதற்கு அடுத்த படியில். திறமை ஆட்டம் என்றால் சாதாரண ஆள் பத்திரம் என்று அர்த்தமில்லை. நேர் எதிர். லாட்டரியில் எனக்கும் உங்களுக்கும் ஒரே வாய்ப்பு. மடத்தனம் என்றாலும் சமமான மடத்தனம். திறமை ஆட்டத்தில் பிராடியின் கணக்கை மனப்பாடம் செய்தவரும், கணினி வைத்து நூற்றுக்கணக்கான டீம்களை ஒரே மூச்சில் போடுபவரும், வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு டீம் போடுபவரும் ஒரே களத்தில். யார் பணம் யாரிடம் போகும் என்று சொல்ல ஜோசியம் வேண்டாம். அமெரிக்காவில் 2015 பேஸ்பால் பருவத்தின் முதல் பாதியை ஆராய்ந்தபோது, ஆடியவர்கள் ஈட்டிய லாபத்தில் 91 சதவீதம் 1.3 சதவீதம் பேரிடம் போயிருந்தது. திறமை என்ற வாதம் நிறுவனத்தைக் காத்தது. 49 ரூபாய் கட்டியவரைக் காக்கவில்லை.

2023 அக்டோபரிலிருந்து கட்டிய முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. வேறு விதித்தார்கள். வென்றால் 30 சதவீத வருமான வரிப் பிடித்தம். ஆட்டம் தொடங்குமுன்பே ஒரு பெரும் பங்கு வரியாகப் போன களத்தில் சராசரி ஆள் நீண்ட நாள் நின்று ஜெயிப்பது நடக்காத காரியமாக இருந்தது.

பின்பு 2025 ஆகஸ்ட். ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் 20-ம் தேதி மக்களவையில், 21-ம் தேதி மாநிலங்களவையில் நிறைவேறி, 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற்றது. இதுபோன்ற ஆட்டங்களில் வருடத்துக்கு 45 கோடிப் பேர் சுமார் 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்றது அரசுத் தரப்பு. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே சட்டம் தள்ளிவிட்டது. பணம் கட்டி, பணம் எதிர்பார்த்து ஆன்லைனில் ஆடினால், எதுவாக இருந்தாலும் தடை. நடத்துபவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. ட்ரீம் லெவன் பணப் போட்டிகளை நிறுத்தியது, இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்தும் இறங்கியது. சட்டத்தை எதிர்த்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடம் எடுத்துக்கொண்டிருக்கிறது. கர்கேகண்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இப்போது ஒன்றுதான்.

முழுத் தடை அதிகப்படி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சட்டத்துக்குள் இருந்தவர்கள் போய், வெளிநாட்டுச் சூதாட்டத் தளங்கள் உள்ளே வரும் என்கிறார்கள். அந்த பயம் வீணல்ல. சட்டத்தில் ஒரு முரணும் இருக்கிறது. மைசூரில் சாமுண்டி மலை அடிவாரத்தில் ரேஸ்கோர்ஸும் ஜெயசாமராஜ உடையார் கோல்ஃப் கிளப்பும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ரேஸ்கோர்ஸ் கவுன்ட்டரில் குதிரை மேல் பணம் கட்டலாம். பக்கத்துப் புல்தரையில் ஆடும் கோல்ஃப் வீரரை வைத்துக் கைப்பேசியில் காசு டீம் நடத்தினால் சிறை. குதிரைக்குக் கொடுத்த சலுகையை விட்டுவைத்து, அதன் மேல் ஏறி வந்ததை மட்டும் இறக்கிவிட்டார்கள். ஆனாலும், இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் நான் தடையின் பக்கம்தான். ஊர் ஊராக, வீடு வீடாக, பாக்கெட்டுக்குள் வந்து உட்காரும் ரேஸ்கோர்ஸ் எதுவும் இதற்கு முன் இருந்ததில்லை.

காசில்லாமல் டீம் போட எந்தத் தடையும் இல்லை. பழைய விங்கன்பாக் முறையில் ஆடிப் பாருங்கள். நான்கைந்து பேர் சேருங்கள். இந்தியன் ஓப்பனோ, மாஸ்டர்ஸோ வரும் வாரத்தில் வீரர்கள் பட்டியலை இறக்கி, ஆளுக்கு நாலு பேரை மாற்றி மாற்றி எடுங்கள்; ஒருவர் எடுத்த வீரரை அடுத்தவர் எடுக்கக் கூடாது. கட்டில் போனவருக்கு அந்தப் போட்டியில் கட்டைத் தாண்டியவர்களில் மிக மோசமானவரின் அடிக்கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். போட்டி முடிந்ததும் கூட்டிப் பார்த்தால் யார் கெட்டிக்காரர் என்று தெரிந்துவிடும். முதல் பந்து வியாழன் காலையே அடித்துவிடுவார்கள். டீமைப் புதன் ராத்திரிக்குள் எழுதி முடித்துவிடுங்கள்.